பேரு என்னுது, ஒடம்பு சாரோடது

எட்டு மாதம் நான் இன்னொருவர் பெயரில் சிறுநீர் கழித்தேன்.

இதைச் சொல்வதற்கு முன் என் தகுதிகளையும் சொல்லிவிடுகிறேன். எம்.ஏ., பி.எட். வாரம் ஒரு புத்தகம் படிப்பவன். இலக்கியக் கூட்டத்தில் மைக் கைக்கு வந்தால் லேசில் திருப்பித் தராதவன். உடம்பைப் பற்றிய கூச்சம் நம் சமூகத்தைப் பிடித்த நோய் என்று ஒரு சிற்றிதழில் நான்கு பக்கம் எழுதியவன். அந்த இதழ் தபாலில் வந்து சேர்ந்த அதே மாதம், கம்பத்தில் ஒரு கிளினிக்கின் டோக்கன் கவுண்டரில், என்ன தொந்தரவு என்று கேட்ட பெண்ணுக்குப் பதில் சொல்ல வாய் வராமல் நின்றேன். பக்கத்தில் நின்ற ஜீப் டிரைவர்தான் பதில் சொன்னார். என் நோய்க்குத் தன் பெயரைக் கொடுத்தார்.

அந்தப் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. எட்டு மாதம் எடுத்துப் புழங்கியது போதும்.

கம்பம்மெட்டுக்குப் பக்கத்தில், மலைமேல் கேரளப் பக்கம், ஒரு தமிழ் மீடியம் பள்ளியில் நான் வாத்தியார். சொந்த ஊர் பாலக்காட்டுக்குக் கிழக்கே, கொழிஞ்சாம்பாறையையும் தாண்டி. அங்கே தமிழ் படித்தவர்களுக்கு இந்த மலையில்தான் வேலை போட்டுத் தருவார்கள். மனைவி ஊரில் தென்னந்தோப்பைப் பார்த்துக்கொள்கிறாள். நான் ரோட்டோரத்தில் ஒரு வாடகை வீட்டில். வெள்ளிக்கிழமை சாயங்காலம் கம்பம் இறங்கி, பழனி, பொள்ளாச்சி என்று பஸ் மாறி மாறி வீடு போய்ச் சேருவேன். கம்பம் வரைக்கும் அந்த டிரைவருடைய ஜீப். முன் சீட் எனக்கென்று வைத்திருப்பார்.

தினமும் காலையில் அடிவாரத்து ஊர்களிலிருந்து ஏலத்தோட்டத்து வேலைக்குப் பெண்களை ஏற்றிக்கொண்டு மலையேறுவது அவர் தொழில். பதினாலு பேர். சாயங்காலம் அதே பதினாலு பேரை இறக்குவார். அவர்களுக்கு மேலாள் ஒரு கங்காணியம்மா. சேலைக்கு மேல் முழுக்கைச் சட்டை, தலையில் துண்டு, முட்டி வரைக்கும் ரப்பர் பூட்ஸ். எந்த ஜீப், எத்தனை பேர், எத்தனை மணிக்கு, எல்லாம் அந்தம்மாள் முடிவு.

முதல் வெள்ளிக்கிழமை எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. மலைப்பாதையில் நாலாவது வளைவில் வண்டியை ஓரங்கட்டி நிறுத்தினார்.

"இஞ்சின் கொதிக்குது. பத்து நிமிசம் ஆகும்."

இறங்கிப் போய் பானெட்டைத் திறந்து தலையை உள்ளே விட்டுக்கொண்டார். நானும் உதவி செய்யும் உற்சாகத்தில் தண்ணீர் பாட்டிலோடு இறங்கி ரேடியேட்டர் பக்கம் போனேன். தொட்டுப் பார்த்தேன். சில்லென்று இருந்தது. மார்கழி மாதம். எதையோ சொல்ல வாயெடுத்துப் பின்னால் திரும்பப் போனவனை, அவர் தலையைத் தூக்காமலே தடுத்தார்.

"சார், நீங்களும் இஞ்சினையே பாருங்க."

பார்த்தேன். பத்து நிமிடம் இருவரும் ஒரு ஆரோக்கியமான இஞ்சினை உற்றுப் பார்த்தோம். பின்னால் பெண்கள் இரண்டிரண்டு பேராக இறங்கிப் புதர்ப் பக்கம் போய்த் திரும்பும் சத்தம் கேட்டது. கடைசி ஆள் ஏறி, கங்காணியம்மாள் ஒரு செருமல் செருமியதும், "ஆறிருச்சு" என்று பானெட்டை மூடினார்.

தோட்டத்தில் அவர்களுக்கு ஒதுங்க இடமில்லை என்பதும், காலையிலிருந்து அடக்கிக்கொண்டு வருகிறார்கள் என்பதும் எனக்குப் பிறகுதான் புரிந்தது. எம்.ஏ. படித்தால் கொஞ்சம் தாமதமாகத்தான் புரியும். அந்த வண்டி மலையேறும்போது ஒரு தடவை, இறங்கும்போது ஒரு தடவை, வருஷம் முழுக்கக் கொதித்தது. மற்ற டிரைவர்கள் டீக்கடையில் கேலி பேசுவார்கள். "ஒம்ம வண்டில சோறே வடிக்கலாம்யா" என்பான் ஒருவன். "ஆமாப்பா, பழைய வண்டி, என்ன செய்ய" என்று டீயை உறிஞ்சுவார்.

அவருடைய குணமே அதுதான். கூச்சம் யாருடையதாக இருந்தாலும் அதைத் தன் பேரில் பதிந்துகொள்வார். புதிதாகக் கல்யாணமான ஒரு பெண்ணுக்கு மசக்கை. வளைவு வந்தால் குமட்டும். அவள் வாயைப் பொத்துவதைக் கண்ணாடியில் பார்த்துவிட்டால், "எனக்கு டீசல் நாத்தம் ஒத்துக்கல, செத்த நிக்கிறேன்" என்று இறங்கி இவர் காறித் துப்புவார். அந்தப் பெண் மறுபக்கம் இறங்கி வேலையை முடித்துக்கொள்ளும். இருபத்தைந்து வருஷம் டீசல் நாற்றத்திலேயே வாழ்ந்த மனிதர்.

என் விஷயத்தை நான் சொல்லவில்லை. அவரே கண்டுபிடித்தார். ஒரு வெள்ளிக்கிழமை, பெண்கள் எல்லோரும் ஏறிய பிறகும் பானெட்டை மூடவில்லை.

"சார், இன்னுங் கொதிக்குது. இது ஒங்களுக்கு. போயிட்டு வாங்க."

போனேன். நின்றேன். வரும் போல இருந்தது, வரவில்லை. வரவில்லை என்று திரும்பினால் வந்தது. திரும்பி வந்து உட்கார்ந்ததும் மெதுவாகக் கேட்டார்.

"எத்தன நாளா சார் இப்பிடி?"

"ஒரு வருஷமாங்க."

"ராத்திரிக்கு?"

"அஞ்சு தடவை எந்திரிக்கிறனுங்க."

ஐந்து தடவையில் இரண்டு என் சொந்த முட்டாள்தனம். எனக்கு ரத்த அழுத்தத்துக்கு ஏற்கெனவே ஒரு நீர் மாத்திரை உண்டு. உடம்பில் உள்ள உபரித் தண்ணீரைச் சிறுநீராக வெளியேற்றும் மாத்திரை. காலையில் போடச் சொல்லியிருந்தார்கள். எங்கள் பள்ளி ஆசிரியர் கழிப்பறை ஸ்டாஃப் ரூமை ஒட்டி இருக்கிறது. தகரக் கதவு. உள்ளே நடப்பது வெளியே நாலு டீச்சர்மாருக்கும் தெளிவாகக் கேட்கும், எத்தனை தவணை என்பது உட்பட. ஆகவே நான் அந்த மாத்திரையை யாரும் கேட்காத இரவுக்கு மாற்றிக்கொண்டேன். படுக்கும்போது விழுங்கிவிட்டு, ஏன் தூக்கம் வரவில்லை என்று மனித இருப்பைப் பற்றி யோசித்துக்கொண்டிருந்தேன். பகலில் வகுப்பில் யாராவது எழுந்து ஒரு விரலைக் காட்டினால், "இப்பத்தானே போன, உக்காரு" என்று அதட்டுகிற வாத்தியாரும் நான்தான்.

கேரள எல்லைக்குள் எந்த டாக்டரிடமும் போக எனக்குத் தைரியமில்லை. எங்கே போனாலும் நம் பள்ளிப் பிள்ளையின் அப்பாவோ அம்மாவோ இருப்பார்கள். அதனால் அவர் என்னைக் கம்பத்துக்குக் கூட்டிக்கொண்டு இறங்கினார். அங்கே வரிசையில் எங்கள் பள்ளியின் பிடிஏ பிரசிடெண்ட் தன் அம்மாவோடு உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்து எழுந்து கும்பிட்டார்.

"பேரு? வயசு? என்ன தொந்தரவு?" என்றாள் கவுண்டர் பெண், தெருவுக்கே கேட்கும் குரலில்.

நான் முன்பு சொன்ன மாதிரி நின்றேன். அவர் முன்னால் வந்து கவுண்டரில் கையை வைத்தார்.

"எனக்குத்தேன்மா. எழுதிக்க. வயசு அம்பத்திரெண்டு. ஒண்ணுக்குப் போறதுல சங்கடம். சார் பாவம், எனக்குத் தொணைக்கு வந்திருக்காரு."

பிடிஏ பிரசிடெண்ட் என்னை மரியாதையோடு பார்த்தார். டிரைவருக்குத் துணையாக ஆஸ்பத்திரிக்கு வருகிற வாத்தியார். நானும் அந்த மரியாதையை மறுக்காமல் வாங்கிக்கொண்டேன்.

டாக்டர் அறைக்குள் போய்க் கதவைச் சாத்தியதும் அவர் சொன்னார்: "டாக்டர், பேரு என்னுது, ஒடம்பு சாரோடது. வெளிய கூட்டம்."

டாக்டர் என்னை ஒரு பார்வை பார்த்தார். சோதித்தார். ரத்தமும் ஸ்கேனும் பார்த்துவிட்டு, பயப்படும்படி ஒன்றுமில்லை, ப்ராஸ்டேட் வீங்கியிருக்கிறது, இந்த வயதில் வருவதுதான் என்றார். பிறகு ஒரு பிள்ளைக்குச் சொல்வது போலச் சொன்னார். நீர் மாத்திரை காலை எட்டு மணிக்கு. பத்து மணிப் பள்ளிக்குள் அதன் வேகம் பெரும்பாலும் அடங்கிவிடும். வீக்கத்துக்கு ஒரு மாத்திரை, ராத்திரி சாப்பாட்டுக்கு அரை மணி நேரம் கழித்து, தினமும் ஒரே நேரத்தில். அதைப் போட்டால் திடீரென்று எழக் கூடாது, கண் இருட்டும், உட்கார்ந்து, காலை ஊன்றி, பிறகு எழ வேண்டும். சாயங்காலத்துக்கு மேல் டீ, காபி வேண்டாம், தண்ணீரும் கொஞ்சமாக. ஒரு தடவை போனதும் ஓடி வந்துவிடாமல் நின்று, மறுபடி முயற்சி செய்ய வேண்டும். சளி பிடித்தால் கடையில் கேட்டு மாத்திரை வாங்கிப் போடக் கூடாது, அடைத்துக்கொள்ளும்.

"போகும்போது கவுண்டர்ல பேரை மாத்திட்டுப் போங்க" என்றார் கடைசியாக.

கவுண்டரில் பிடிஏ பிரசிடெண்ட் இன்னும் இருந்தார். அடுத்த தடவை மாற்றிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். எட்டு மாதமும் அந்த அடுத்த தடவையையே நினைத்துக்கொண்டிருந்தேன்.

நான் மறந்தாலும் அவர் ஒரு வார்த்தைகூட மறக்கவில்லை. "அது ஒண்ணுமில்ல சார், டீசல் லைன்ல ஏர் அடைச்ச மாதிரிதேன். பம்ப் பண்ணணும், நிக்கணும், மறுபடி பம்ப் பண்ணணும். வெரசா வரணும்னு நெனச்சா வராது." காலை எட்டுக்குப் பெண்களை இறக்கிவிட்டு என் வீட்டைத் தாண்டும்போது ஒரு ஹாரன் அடிப்பார்: நீர் மாத்திரை. சாயங்காலம் ஐந்தரைக்குத் திரும்பும்போது இரண்டு: டீ, காபி முடிந்தது. வண்டியில் யாராவது எதற்கு ஹாரன் என்று கேட்டால், "சுவிட்சு ஒட்டிக்கிருது" என்பார். ராத்திரி மாத்திரைக்கு என் மனைவி, தான் அறியாமலே. எட்டு மணிக்குப் போன் செய்து, "ஏனுங்க, சாப்புட்டீங்களா?" என்பாள். அதிலிருந்து அரை மணி எண்ணிக்கொள்வேன். அவளிடமும் சொல்லவில்லை. மேஜையில் இருப்பது விட்டமின் என்று சொல்லி வைத்திருந்தேன்.

பனிக்காலத்தில் பாத்ரூம் வரை நடக்க வேண்டாமே என்று அகலமான வாயுள்ள ஒரு கேன் வாங்கி, துணியில் சுற்றி, வீட்டுக்காரம்மாளைத் தாண்டிக் கொண்டுவந்து கொடுத்தார். என்ன அது என்று அந்தம்மாள் கேட்டதற்கு, "சாருக்கு மலைத்தேன்" என்றார். மறுநாள் அந்தம்மாள் பேரனுக்கு இருமல் என்று கிண்ணத்தோடு வந்து நின்றார். தீர்ந்துவிட்டது என்றேன். ஒரே ராத்திரியில் ஒரு கேன் தேன் குடித்தவன் என்ற பெயர் எனக்கு இன்றும் அந்தக் காம்பவுண்டில் உண்டு.

இரவு ஐந்து இரண்டாகக் குறைந்தது. தூங்கினேன். அவர் பெயரில் நான் நலமாக இருந்தேன்.

ஐந்தாவது மாதம் தைக் கிருத்திகை வந்தது. எங்கள் பக்கத்தில் கிருத்திகை விரதம் என்றால் இரவுச் சாப்பாடு கிடையாது. சாயங்காலமே மனைவி போன் செய்து, "ஏனுங்க, இன்னைக்குக் கிருத்திகைங்க. மறந்தாப்புல எதையாச்சும் தின்னுபோட்டு வந்து நிக்காதீங்க" என்றாள். முருகனும் முக்கியம், டாக்டரும் முக்கியம். சாப்பாட்டுக்கு அரை மணி கழித்து என்று சொல்லியிருந்தார். தினமும் ஒரே நேரம் என்றும் சொல்லியிருந்தார். நான் இரண்டையும் காப்பாற்றினேன். எட்டு மணிக்குச் சாப்பிடவில்லை. சாப்பிடாத அந்தச் சாப்பாட்டுக்குச் சரியாக அரை மணி கழித்து, வெறும் வயிற்றில், மாத்திரையைப் போட்டேன். நடு ராத்திரியில் எழுந்தேன், அதுவும் வெடுக்கென்று. பாத்ரூம் சுவர் என்னை நோக்கி வந்தது. விழித்தபோது நெற்றியில் ரத்தம், கன்னத்துக்கு அடியில் சிமெண்ட் தரை.

காலையில் ஹாரன் சத்தத்துக்கு வெளியே வந்தேன். நெற்றியைப் பார்த்துவிட்டு வண்டியை அணைத்தார். பிளாஸ்திரி ஒட்டிவிட்டு, "மாத்திரைய நிறுத்தணுமா வேணாமான்னு கேட்டுருவோம்" என்று ஜங்ஷன் மெடிக்கல் ஷாப்புக்குக் கூட்டிப்போனார். மாதாமாதம் தன் பெயரில் உள்ள டாக்டர் சீட்டைக் காட்டி அவர் எனக்கு மாத்திரை வாங்கும் கடை. நான் உள்ளே போகவில்லை. வெளியே, தினசரித் தாள் தொங்கும் இடத்தில், முந்தாநாள் செய்தியைப் படித்துக்கொண்டு நின்றேன். ஐந்தடி தூரம். எல்லாம் கேட்டது.

"நேத்து ராத்திரி எந்திரிச்சேன். கண்ணு இருட்டிருச்சு. விழுந்துட்டேன்" என்றார் அவர்.

"வெறும் வயித்துல போட்டீங்களா?" என்றார் கடைக்காரர். "கூடாதே. டாக்டரைப் பாக்குற வரைக்கும் ஜாக்கிரதை. நீங்க வேற வண்டி ஓட்டுறவரு."

அப்போதுதான் கவனித்தேன். கடைக்குள், தோட்டத்தில் யாருக்கோ தைலம் வாங்க வந்த கங்காணியம்மாள், பாட்டிலைக் கையில் வைத்துக்கொண்டு நின்றிருந்தார். டிரைவர் முகத்தைப் பார்த்தார். கையில் இருந்த சீட்டைப் பார்த்தார். பதினாலு பேர், பதினெட்டு வளைவு. அந்தம்மாள் மனசுக்குள் என்ன ஓடியது என்று யாருக்கும் தெரியும்.

ஐந்தடி எடுத்து வைத்து, "விழுந்தது நானுங்க" என்று சொன்னால் முடிந்தது. ஆதாரம்கூட என் நெற்றியிலேயே ஒட்டியிருந்தது. நான் தாளைப் புரட்டினேன். பள்ளியில் கேட்டவர்களிடம் பாசி வழுக்கியதாகச் சொன்னேன்.

அடுத்த திங்கள்கிழமை ஹாரன் கேட்கவில்லை. எட்டு மணிக்கு வேறொரு ஜீப் காலியாகத் தாண்டிப் போனது. சாயங்காலம் அவரைத் தேடிப்போனேன். டீக்கடையில் தனியாக உட்கார்ந்திருந்தார்.

"நான் போய் அந்தம்மாகிட்டச் சொல்லிப்போடறனுங்க" என்றேன்.

"என்னத்தச் சொல்லுவீங்க? பள்ளிக்கூடம் பூரா தெரிஞ்சு போகும். விடுங்க சார். வண்டிக்கும் ரெஸ்ட்டு வேணும்ல."

அந்த "விடுங்க சார்" என்பதை நான் பிடித்துக்கொண்ட வேகத்தை இப்போது நினைத்தாலும் உடம்பு கூசுகிறது. அவர் இரண்டாம் தடவை சொல்ல வேண்டியிருக்கவில்லை. டீக்கு நான்தான் காசு கொடுத்தேன், பெருந்தன்மையாக.

அதற்குப் பிறகும் மூன்று மாதம், ஆள் ஏற்றாமல் எரு மூட்டை ஏற்றிப் பிழைத்துக்கொண்டிருந்தவர், மாதம் தவறாமல் அதே சீட்டைக் காட்டி எனக்கு மாத்திரை வாங்கி வந்தார். நானும் வாங்கிக்கொண்டேன். பிறகு ஜீப்பை விற்றுவிட்டுத் திருப்பூருக்குப் போய்விட்டார். ஏதோ கம்பெனியில் வேன் ஓட்டுவதாகக் கேள்வி. போகிற அன்று வீட்டுக்கு வந்து, "எட்டு மணி, அஞ்சரை மணி, போன்ல அலாரம் வச்சுக்கிருங்க சார்" என்று அவரே வைத்துக் கொடுத்தார். கிருத்திகைக்கு இரண்டு இட்லியாவது சாப்பிட்டுவிட்டுத்தான் மாத்திரை போட வேண்டும், முருகன் ஒன்றும் சொல்ல மாட்டார் என்றும் சொன்னார். அவர் போன பிறகுதான் கவுண்டரில் பெயரை மாற்றினேன். மாத்திரை வாங்க வேறு ஆள் இல்லை, அதனால்.

இரண்டு வருஷம் இதோடு சௌகரியமாகவே வாழ்ந்தேன். போன மாதம் என் வகுப்பில், மலைமேல் பாட்டி வீட்டில் தங்கிப் படிக்கும் ஒரு பெண் மூன்று நாள் வராமல் லீவ் லெட்டரோடு வந்தாள். அம்மாவுக்கு நீர்க்கடுப்பும் காய்ச்சலும், ஆஸ்பத்திரியில் துணைக்கு இருந்ததாக எழுதியிருந்தாள். அம்மா என்ன வேலை என்று கேட்டேன். ஏலத்தோட்டம், அடிவாரத்திலிருந்து ஜீப்பில் வருகிறது என்றாள். அந்தக் கங்காணியம்மாளின் ஆள்.

அன்று சாயங்காலம் ஜங்ஷனுக்குப் போனேன். கங்காணியம்மாள் கடை ஓரத்தில் ஜீப்புக்காக நின்றிருந்தார். பெண்கள் சற்றுத் தள்ளி பைகளோடு.

"இப்ப வர்ற வண்டி வழியில நிக்குமுங்களாம்மா?" என்று ஆரம்பித்தேன்.

"நிக்கும் சார். நிறுத்தி, ஒண்ணுக்குப் போறவளுக எல்லாம் போயிட்டு வாங்கன்னு சத்தமாச் சொல்லுவான். நல்ல பயதேன். ஆனா ஒருத்தியும் எறங்க மாட்டேங்குறா. காலையில இருந்து தண்ணியே குடிக்கிறதில்ல." என் பக்கம் திரும்பி, "எதுக்குக் கேக்குறீங்க?" என்றார்.

சொன்னேன். கிளினிக், சீட்டு, கிருத்திகை, சுவர், ஐந்தடி தூரம். கட்டுரை எழுதுகிறவன் என்பதால் கோவையாகவே வந்தது.

"அப்ப அன்னைக்கு விழுந்தது நீங்க."

"ஆமாங்க."

"அவருக்கு ஒண்ணுமே இல்ல."

"ஒண்ணுமில்லீங்க."

"பதினாலு பேரு உசுரு சார். நான் வேற என்னத்தச் செய்ய?" என்றார். என்னைப் பார்த்துச் சொன்ன மாதிரி இல்லை. தலைத்துண்டை அவிழ்த்து உதறி மறுபடி கட்டினார். கட்டுவதற்கு ரொம்ப நேரம் ஆனது. "நான் ஒரு வார்த்த அவர்கிட்டக் கேட்டிருக்கணும்."

"அவரு நம்பர் இருக்குங்க. நீங்க கூப்பிட்டீங்கன்னா..."

"வண்டியவே வித்துட்டாரே. கூப்புட்டு என்னத்த ஓட்டச் சொல்ல?"

திட்டுவார் என்று காத்திருந்தேன். அதற்குத் தயாராகத்தான் வந்திருந்தேன். திட்டு வாங்கினால் கொஞ்சம் லேசாகும் என்றுகூடக் கணக்குப் போட்டிருந்தேன். அதற்குள் ஜீப் வந்தது. பெண்கள் ஏறினார்கள். கடைசியாகக் கங்காணியம்மாள் முன் சீட்டில் ஏறி, பூட்ஸை உள்ளே இழுத்து, கதவைச் சாத்தினார். வண்டி நகர்ந்தது. இரண்டடி போய் நின்றது. அந்தம்மாள் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டி, பதினாலு பேருக்கும், டீக்கடைக்கும், மெடிக்கல் ஷாப்புக்கும் கேட்கும்படியாகக் கேட்டார்:

"இப்ப ஒழுங்காப் போகுதா சார்?"